பொம்பளைக்கு உணர்ச்சி அதிகமா? யார் அளந்து பார்த்தது?



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் கடலை உடைக்கும் மிஷின் பற்றிப் பேச்சு வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆலங்குடிப் பக்கத்துக் குழு ஒன்று கடன் வாங்கி மிஷின் போட்டார்கள். ஓட்டுவது அவர்கள், மூட்டை பிடிப்பது அவர்கள், மாதத் தவணை கட்டுவதும் அவர்கள். ஆனால் வியாபாரியிடம் விலை பேசுகிற நாள் வந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "ஏத்தா, பொம்பளைகளுக்குப் பொசுக்குன்னு கோவம் வரும், பொசுக்குன்னு கண்ணீர் வரும். ஏவாரத்துக்கு அது ஆகாது. ஆம்பளையாளு ரெண்டு பேரு போகட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மிஷின் வைக்கத் தன் களத்தில் இடம் கொடுத்தவரே அவர்தான். விலை பேசப் போன ஆண்கள் இரண்டு பேரும் வியாபாரியோடு சண்டை போட்டு, மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்பது வேறு கதை.

கூட்டத்தில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒரு குழுவின் பிரதிநிதி சிரிக்கவில்லை. "நிஜமாவே நமக்கு உணர்ச்சி அதிகமா, இல்ல சொல்லிச் சொல்லியே நம்மள நம்ப வச்சுட்டாங்களா? விஞ்ஞானத்துல இதுக்கு என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த இதழில் எழுதுகிறோம் என்று தீர்மான நோட்டில் குறித்துக்கொண்டோம். அதன்பிறகு தெரிந்த ஆசிரியர்களிடம் கேட்டும், புத்தகங்களைப் புரட்டியும் பார்த்ததில் எங்களுக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. அந்தப் பெரியவர் பேச்சுக்கு முத்திரை குத்திக் கொடுத்ததே ஒரு காலத்து விஞ்ஞானம்தான். அதே முத்திரையை நம் நிறத்தின் மேலும் சாதியின் மேலும் குத்தியிருக்கிறார்கள்.

கர்ப்பப்பையில் ஆரம்பித்த வழக்கு

ஹிஸ்டீரியா என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். வயசுப்பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்தாலோ, கை கால் இழுத்துக்கொண்டாலோ, காரணமில்லாமல் அழுதாலோ "ஹிஸ்டீரியா, ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாப் போகும்" என்று சொல்வது நம் பக்கத்திலும் உண்டு. இந்தச் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் கர்ப்பப்பைக்கு உள்ள பெயரிலிருந்து பிறந்த சொல். கர்ப்பப்பை உடம்புக்குள் இடம் மாறுவதால்தான் பெண்ணுக்கு இந்தக் கோளாறெல்லாம் வருகிறது என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே நம்பினார்கள்.

பிறகு உடம்பை அறுத்துப் பார்க்கும் காலம் வந்தது. கர்ப்பப்பை எங்கும் நகர்வதில்லை என்று தெரிந்துபோனது. ஆனாலும் வியாதியின் பெயர் போகவில்லை, கல்யாண வைத்தியமும் போகவில்லை. 1870, 1880களில் பாரிஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஷார்கோ என்ற டாக்டர் ஹிஸ்டீரியா நோயாளிப் பெண்களை மேடையில் நிறுத்தி, ஊரைக் கூட்டிக் காட்டினார். ஆண்களுக்கும் இது வரும் என்று அவரே சொன்னார். அதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு.

அப்புறம் 1914-ல் முதல் உலகப்போர் வந்தது. குண்டு மழைக்கு நடுவே மாதக்கணக்கில் குழிக்குள் கிடந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் பேச்சு நின்றுபோய், கை கால் நடுங்கி, தேம்பித் தேம்பி அழுதபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பெண்களுக்கு ஹிஸ்டீரியா என்று எழுதினார்களே, ஏறக்குறைய அதே அறிகுறிகள். ஆனால் ஆம்பளைச் சிப்பாய்க்கு அந்தப் பெயரை வைக்க மனசு வருமா? 1915-ல் குண்டு அதிர்ச்சி என்ற பொருளில் புதுப் பெயர் ஒன்று மருத்துவப் பத்திரிகையில் வந்தது. நம் ஊரிலும் இப்படித்தான். ஆம்பளை ஆடினால் சாமி வந்திருக்கிறது என்று விபூதி வாங்குவார்கள். புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண் ஆடினால் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பங்குழையை எடுப்பார்கள்.

கடைசியில் 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலிலிருந்து ஹிஸ்டீரியா என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பட்டியலில் இன்னும் இருக்கிறது.

மூளையைத் தராசில் வைத்தவர்கள்

வெள்ளைக்காரன் உலகத்தில் பாதியை ஆண்ட காலத்தில் அவனுக்கு ஒரு சிக்கல். மனிதரெல்லாம் சமம் என்று பேசிக்கொண்டே அடுத்த நாட்டை எப்படி ஆள்வது? வீட்டுக்குள் பெண்டாட்டிக்கு ஓட்டுரிமையோ சொத்துரிமையோ இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தில் விஞ்ஞானம் கைகொடுத்தது. மனிதர்களை ஏணிப்படி மாதிரி வரிசை வைத்தார்கள். உச்சிப்படியில் வெள்ளைக்கார ஆண். அவனுக்குப் புத்தி அதிகம், உணர்ச்சியை அடக்கத் தெரியும். கீழ்ப்படிகளில் கறுப்பர், நம்மைப் போன்ற மாநிறக்காரர், குழந்தைகள், பெண்கள். இவர்களுக்குப் புத்தி குறைவு, உணர்ச்சி அதிகம். ஆகவே மேலே இருப்பவன் கீழே இருப்பவரை வழிநடத்துவது இயற்கை என்றார்கள்.

குரங்கும் மனிதனும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவர்கள் என்று சொன்ன டார்வினை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். பெரிய அறிஞர், அதில் சந்தேகமில்லை. அவரும் 1871-ல் எழுதிய புத்தகத்தில் சறுக்கியிருக்கிறார். உள்ளுணர்வு, சட்டென்று புரிந்துகொள்ளுதல் போன்ற குணங்கள் பெண்களிடம் கூடுதல் என்று எழுதிவிட்டு, இவற்றில் சில தாழ்ந்த இனங்களுக்கும் உரியவை, பழைய, தாழ்ந்த நிலையைச் சேர்ந்தவை என்றும் எழுதினார். பாருங்கள், மாமியார் முகத்தைப் பார்த்தே வீட்டில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கிறோமே, அந்தச் சாமர்த்தியம்கூட நமக்குக் குற்றமாகிப் போனது.

ஆனால் அதே டார்வின் அடுத்த வருஷம், 1872-ல், உணர்ச்சிகளைப் பற்றியே தனிப் புத்தகம் ஒன்று போட்டார். அதற்காகப் பல தேசங்களில் இருந்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி விசாரித்தார். உங்கள் பக்கத்து மக்கள் வெட்கப்பட்டால் முகம் எப்படி மாறுகிறது, துக்கத்தில் புருவம் எப்படிச் சுருங்குகிறது என்றெல்லாம் கேள்விகள். கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்த ஸ்காட் என்பவர் இங்கேயிருந்து பதில் எழுதினார். எல்லாப் பதில்களையும் கூட்டிப் பார்த்து டார்வின் வந்த முடிவு என்ன தெரியுமா? முக்கியமான உணர்ச்சிகளை உலகம் முழுக்க மனிதர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் முகத்தில் காட்டுகிறார்கள், இது எல்லா இனமும் ஒரே குடியிலிருந்து வந்ததற்கு இன்னொரு சாட்சி என்றார். இந்தப் பாதியை அன்றைய துரைமார்கள் அவ்வளவாக எடுத்துப் பேசவில்லை.

மூளையை நிறுத்துப் பார்த்த கதை இன்னும் வேடிக்கை. பாரிஸில் ப்ரோகா என்ற டாக்டர் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் மூளையை எடுத்துத் தராசில் வைத்தார். பெண்ணின் மூளை ஆணின் மூளையைவிடச் சராசரியாக 181 கிராம் குறைவு என்று கணக்குச் சொன்னார். எடை குறைவு, ஆகவே புத்தி குறைவு, ஆகவே உணர்ச்சியின் பிடியில் இருப்பவள் என்று மற்றவர்கள் கோர்த்துக்கொண்டே போனார்கள். உடம்பு சிறுசாக இருந்தால் மூளையும் கொஞ்சம் சிறுசாக இருக்கும். எடையில்தான் புத்தி இருக்கிறது என்றால் யானையின் மூளை நம்முடையதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. யானையையே கலெக்டராக வைக்கலாமே!

படித்தால் கர்ப்பப்பை கெட்டுப்போகும் என்று சொன்னவர்களும் உண்டு. 1873-ல் அமெரிக்காவில் கிளார்க் என்ற டாக்டர், பெண் ஆண்களைப் போலக் கடுமையாகப் படித்தால் ரத்தமெல்லாம் மூளைக்குப் போய்விடும், பிள்ளை பெறுகிற உறுப்புகள் வளராது என்று புத்தகமே எழுதினார். மறு வருஷம் லண்டனில் மாட்ஸ்லி என்ற மனநல மருத்துவர் அதே பாட்டைப் பாடினார். களையெடுத்துவிட்டு, விறகு சுமந்துவிட்டு, பத்துப் பிள்ளை பெற்ற அப்பத்தாக்களை இவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

வலி தெரியாதவள் என்று ஒருத்தி

அப்பத்தாக்களைப் பற்றிச் சொன்னதும் அடுத்த விஷயத்துக்கு வந்துவிட்டோம். இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். பணக்கார வெள்ளைக்காரப் பெண்ணுக்கு உணர்ச்சி அதிகம், ஆகவே வீட்டுக்குள் இரு என்றார்கள். உழைக்கிற கறுப்புப் பெண்ணுக்கோ உணர்ச்சியே குறைவு, வலி தெரியாது, ஆகவே வேலை வாங்கலாம் என்றார்கள். எது சௌகரியமோ அதைச் சொன்னார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் சிம்ஸ் என்ற டாக்டர் 1840களில், பிரசவத்தில் கிழிந்து சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும் கோளாறுக்கு அறுவை சிகிச்சை கண்டுபிடித்தார். கண்டுபிடிக்க அவர் அறுத்துப் பார்த்தது அடிமைப் பெண்களை. அனார்க்கா, லூசி, பெட்சி என்று மூன்று பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் முப்பது தடவை, மயக்க மருந்து இல்லாமல். 1846-ல் மயக்க மருந்து வந்த பிறகும் அதே முறையில்தான் தொடர்ந்தார். அடிமைக்குச் சம்மதம் சொல்லவோ மறுக்கவோ உரிமை கிடையாது. சிம்ஸுக்கு நியூயார்க் நகரப் பூங்காவில் சிலை வைத்திருந்தார்கள், 2018-ல்தான் அதை எடுத்தார்கள்.

இன்னொரு டாக்டர், கார்ட்ரைட் என்று பெயர். அடிமைகள் ஏன் தப்பித்து ஓடுகிறார்கள் என்று யோசித்தார். 1851-ல் அதற்கு ஒரு வியாதிப் பெயரே வைத்தார். ஓடிப்போக நினைப்பது மனநோய், கசையடியால் குணமாகும் என்று எழுதினார். விடுதலை வேண்டும் என்ற ஆசையே நோயாகிவிட்டது!

பழைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. 2016-ல் அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்டுப் பார்த்த ஆய்வில், வெள்ளைக்காரர்களாக இருந்தவர்களில் பாதிப்பேர், கறுப்பருக்குத் தோல் தடிப்பு என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள், கறுப்பரின் வலியைக் குறைத்து மதிப்பிடவும் செய்தார்கள். இதைப் படித்தபோது எங்களில் ஒருவர், "என் ரெண்டாவது பிரசவத்துல நான் கத்தினப்ப, கல்லு உடைக்கிறவளுக்கு என்ன வலின்னு ஒருத்தங்க கேட்டாங்க" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நம் மண்ணில் நடந்தது

சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் பொறுப்பாக இருந்த தர்ஸ்டன் என்ற துரை, ஊர் ஊராகப் போய் நம் முன்னோர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். அவர் தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற புத்தகம் 1909-ல் ஏழு பாகமாக வெளிவந்தது. பழைய வழக்கங்களைத் தெரிந்துகொள்ள இன்றைக்கும் அதைப் புரட்டுகிறார்கள். ஆனால் மூக்கின் அகலத்தை வைத்து ஒரு சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லலாம் என்ற அந்தக் காலத்து எண்ணம் அடியோடு பொய்.

குணமும் பரம்பரையாக வருகிறது என்று சட்டமே போட்டார்கள். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் அதுதான். தச்சன் மகன் தச்சன் ஆவதுபோலத் திருடன் மகன் திருடனாவான் என்பது அதற்குச் சொன்ன நியாயம். 1911-ல் திருத்தப்பட்ட பிறகு சென்னை மாகாணத்தில் அமலானது. பிறந்த குழந்தை எதிர்காலத்தில் திருடும் என்று முன்கூட்டியே தீர்ப்பு. ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண்ணும் உயிர்விட்டார். இதில் நம் புதுக்கோட்டைக்காரர்கள் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே பிரமலைக் கள்ளர் என்று பட்டியல் போட்டுக் கைரேகை கேட்ட அதே வெள்ளைக்கார அரசு, இங்கே கள்ளர் குலத்துத் தொண்டைமான் ராஜாவுக்குக் குண்டு போட்டு மரியாதை செய்தது. பிரிவு வேறு என்று சொல்வார்கள். ரத்தத்தில் குணம் இருக்கிறது என்றவர்கள் எந்த ரத்தத்தைப் பரிசோதித்தார்கள்? யார் கையில் அதிகாரம் இருந்தது என்பதைத்தான் பார்த்தார்கள். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947-ல் ஒழிந்தது, நாடு முழுக்க 1952-ல். "அந்த ஊர்க்காரங்களுக்குக் கோவம் ரத்தத்துலயே ஊறுனது" என்று பெண் பார்க்கப் போகும்போது நாமே பேசுகிறோமே, அது மட்டும் இன்னும் ஒழியவில்லை.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

கர்ப்பமானவுடன் நாம் பதிவு செய்கிற மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று பெயர். அவர் நம் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மகாராஜா கல்லூரியில் அவர் சேர மனுப் போட்டபோது பெரிய எதிர்ப்பு வந்தது. ஒரு பெண் வகுப்பில் இருந்தால் பையன்கள் மனசு கெட்டுவிடும் என்றார்கள். ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் சேர முடிந்தது. அப்படியும் மூடுவண்டியில்தான் போய்வந்தார், வகுப்பில் பையன்கள் கண்ணில் படாதபடி மறைப்புக் கட்டினார்கள்.

உணர்ச்சியை அடக்கத் தெரியாதவள் பெண் என்பதுதானே விஞ்ஞானம்? இங்கே அடக்கத் தெரியாது என்று பயந்தது பையன்களுக்கு. மறைத்து வைத்தது மட்டும் பெண்ணை.

நல்லவேளையாகச் சென்னையில் ஒரு கதவு ஏற்கனவே திறந்திருந்தது. படித்தால் பெண் உடம்பு கெடும் என்று மாட்ஸ்லி லண்டனில் எழுதியதற்கு மறு வருஷமே, 1875-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் மேரி ஷார்லீப் உள்பட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துலட்சுமி 1907-ல் அங்கே சேர்ந்து 1912-ல் டாக்டர் ஆனார். பிற்பாடு சட்டமன்ற மேலவையில் உட்கார்ந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் தொடங்கியதும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

சைக்கிள் கதை உங்கள் அம்மாமார்கள் கதை, அதை விடக்கூடாது. 1890களில் இங்கிலாந்தில் பெண்கள் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தபோது டாக்டர்கள் சிலர் சைக்கிள் முகம் என்று ஒரு வியாதியைச் சொன்னார்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கண் பிதுங்கி, தாடை இறுகி, முகமே அப்படி நின்றுவிடுமாம். ஆண்களுக்கும் வரலாம், பெண்களுக்கு அதிகம் என்றார்கள். நூறு வருஷம் கழித்து, 1991-ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பமானது. கலெக்டர் ஷீலாராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். கல்குவாரித் தொழிலாளி, அங்கன்வாடி ஊழியர், பள்ளி ஆசிரியை என்று ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேல் பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டை டவுனைச் சுற்றினார்கள். லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனதால் ஆம்பளை சைக்கிளை வாங்கினார்கள். அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போனது, முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். அன்று ஓட்டிய ஒரு அக்காவின் முகமும் பிதுங்கிப் போகவில்லை. ரோட்டோரம் நின்று கேலி பேசியவர்கள் முகம்தான் கொஞ்ச நாள் ஒரு மாதிரி இருந்தது.

நெஞ்சுவலியா, டென்ஷனா?

இவ்வளவு தூரம் எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு சகோதரிக்கு, வயது ஐம்பதுக்கு மேல், மூச்சிரைப்பும் முதுகுவலியும் குமட்டலும் இரண்டு நாளாக இருந்தது. பார்த்த இடத்தில் "குழுக்கடன் டென்ஷனா இருக்கும்மா, பொம்பளைகளுக்கு இதெல்லாம் வரும்" என்று வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டிலும் அதையே சொன்னார்கள், அவரும் அதை நம்பினார். மூன்றாம் நாள் காலையில் வியர்த்துக்கொட்டி விழுந்தார். மாரடைப்பு. மருமகள் உடனே 108-க்குப் போன் செய்ததால் பிழைத்தார், ஆனால் பழையபடி களையெடுக்கப் போக முடியவில்லை.

மாரடைப்பு என்றால் சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்று நினைக்கிறோம். பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் அதோடு சேர்ந்தோ, அது இல்லாமலோ மூச்சிரைப்பு, முதுகு, தாடை, தோள்பட்டையில் வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்று வருவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். "டென்ஷனா இருக்கலாம் டாக்டர், ஆனா ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளையும் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட பிரதிநிதிக்கு எங்கள் பதில் இது. பெண்ணுக்கு உணர்ச்சி உண்டு, ஆணுக்கும் உண்டு. அழுவது யார், அடிப்பது யார், அடக்கிக்கொள்வது யார் என்பதில் வளர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. "ஆம்பளப்புள்ள அழுவலாமா" என்று மூன்று வயதுப் பையனிடம் சொல்வது நாம்தானே.

கடலை மிஷின் குழு இந்த வாரம் தாங்களே வியாபாரியிடம் விலை பேசப் போகிறார்கள். அந்தப் பெரியவரையும் கூட வரச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டை எண்ணுவதற்கு.